உப்புக்காற்றில் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

மண்டபத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்சந்தில் எனக்குச் சைக்கிள் கடை. தொழில் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமன். அவருக்குப் பிறகு நாற்பத்திரண்டு வருடமாக அதே சந்தில் நான். இதழுக்கு வந்த சைக்கிள் கேள்விகளை ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தனுப்பினார். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோர ஊர்கள்தான் அதிகம். பாதிக் கடிதங்களில் துரு என்ற சொல் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த சைக்கிள் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. செயின் செங்கல் நிறமாகிவிட்டது, போக்ஸ் கம்பியெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. மழையில் நனைய விடுவதே இல்லை, தினமும் துடைக்கிறாள். சைக்கிள் மட்டமா, எங்கள் கவனிப்பு மட்டமா?
— வாசகி, தங்கச்சிமடம்

இரண்டின் மேலும் பழி போடாதீர்கள் அம்மா. தங்கச்சிமடத்தில் எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் கடலைக் கடந்துதான் வரும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே உப்புதான் சைக்கிளிலும் படிகிறது. படிந்த உப்பு சும்மா கிடக்காது. அடுக்களை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்த்துப்போகிறதே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் உப்பும் கலந்திருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டியதில்லை. அதனால் மழையே படாத சைக்கிளும் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டுதான் நிற்கிறது. மேலே பூசிய வெள்ளி நிற முலாமில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் உண்டு. அதன் வழியே உப்பு இறங்கி அடியிலிருக்கும் இரும்பைத் தின்கிறது. நீங்கள் பார்க்கிற புள்ளிகள் அந்தத் துளைகளில் கிளம்பியவைதான்.

மகள் தினமும் துடைப்பது காய்ந்த துணியால் என்று நினைக்கிறேன். காய்ந்த துணி உப்பை எடுக்காது, இழுத்துப் பரப்பும். வாரம் ஒருமுறை போதும், ஆனால் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் மல்லிகை நாற்றுக்கு ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது, அதுவே போதும். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: கரிக்கிற போர் தண்ணீரில் சைக்கிளைக் குளிப்பாட்டுவதைவிடக் கழுவாமலே விடலாம். அரை வாளி நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே முழுச் சைக்கிளும் முடிந்துவிடும். குழாயைப் பிடித்துச் சக்கரத்தின் நடுப்பகுதியில் பீய்ச்ச வேண்டாம். உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து வெளியே வரும், தண்ணீர் உள்ளே தங்கிவிடும்.

துடைத்தபின் நிழலில் காற்றாட விடுங்கள். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய். பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே, செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. செயினின் உள்பக்கம், அதாவது பல்லில் உட்காரும் பக்கம் விட வேண்டும். ராத்திரி விட்டுவிட்டு, காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் பழைய துணியால் செயினைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றித் துடைக்க வேண்டும். பிசுபிசுப்பு துணியோடு போய்விடும், எண்ணெய் உள்ளே தங்கும். போக்ஸ் கம்பிகளுக்கு எண்ணெய்த் துணியால் ஒரு தடவல். பிரேக் கட்டை பிடிக்கிற ரிம் ஓரத்தில் மட்டும் எண்ணெய் படவே கூடாது, இதை மகளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

ஒரு வேலை மட்டும் கடையில் செய்ய வேண்டியது. புதுச் சைக்கிள் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, இந்தக் கரைக்கு வந்ததும் ஒருமுறை பிரித்து, சக்கரம், முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க், பெடல் அச்சு எல்லாவற்றிலும் கிரீஸ் நிறைய வைத்துப் பூட்ட வேண்டும். நாங்கள் ஓவராயிலிங் என்போம். பழைய சைக்கிளுக்குச் செய்கிற வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அது புதுச் சைக்கிளுக்குத்தான் முதலில் செய்ய வேண்டியது.

மண்டபத்தில் மீன் எடுத்து உச்சிப்புளி வரை ஊர் ஊராக விற்கிறேன். கேரியரில் பெட்டி, ஐஸோடு ஐம்பது கிலோ வரும். மூன்று மாதத்தில் பின்சக்கரத்தில் ஐந்து கம்பி போய்விட்டது. ஒன்று மாற்றினால் அடுத்த வாரம் இன்னொன்று. தடிமனான கம்பி போட்டால் நிற்குமா?
— மீன் வியாபாரி, மண்டபம்

தம்பி, ஒடிந்த கம்பியை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒடிந்திருக்காது. சக்கரத்தின் நடுவிலிருக்கும் குடத்தில் (ஹப்) மாட்டுகிற இடத்தில், தலைக்குப் பக்கத்து வளைவில் ஒடிந்திருக்கும். ஒடிந்த முகத்தைப் பார்த்தால் பாதி கறுப்பாகவும் பாதி பளிச்சென்றும் தெரியும். கறுத்த பாதி என்றைக்கோ விரிசல் விட்டது. பளிச்சென்ற பாதி அன்றைக்கு அறுந்தது. பாரம் ஒரே அடியில் ஒடிக்கவில்லை என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது தரையைத் தொடுகிற பக்கத்துக் கம்பிகள் ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகும். முறுக்காகக் கட்டிய சக்கரத்தில் இந்த வித்தியாசம் கம்பியைப் பாதிக்காது. தொளதொளவென்று கிடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வளைவு ஆடும். ஒரு கம்பியை ஒடிக்க நாம் என்ன செய்வோம்? இப்படியும் அப்படியுமாக வளைப்போம். உங்கள் சக்கரம் உச்சிப்புளி போய்வருவதற்குள் அதைப் பல ஆயிரம் தடவை செய்துவிடுகிறது. ஒரு கம்பி ஒடிந்ததும் அதன் பங்குப் பாரம் பக்கத்துக் கம்பிகள் மேல் விழும், அப்புறம் அவை வரிசையாகப் போகும். அதனால் ஐந்து போன சக்கரத்தில் ஆறாவதை மட்டும் மாற்றாதீர்கள். மொத்தத்தையும் அவிழ்த்துப் புதுக்கம்பி போட்டுக் கட்டுங்கள். எண்ணிக்கையையும் பாருங்கள். நம் பழைய கறுப்புச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40. பின்னால்தான் பாரம் என்று தெரிந்து வைத்த கணக்கு அது. 36 கம்பிச் சக்கரத்தில் ஐம்பது கிலோ ஏற்றுவது தினமும் சக்கரத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதுதான்.

தடிமன் பற்றிக் கேட்டீர்கள். 14 கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர், 13 கேஜ் 2.3, 12 கேஜ் 2.6. உங்களுக்கு 13 போதும். 12 போட்டால் குடத்தின் துளை கொள்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ராவி இடித்து ஏற்றுவார்கள், குடம் விரியும். கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சத்தம் தர வேண்டும். ஒன்று மட்டும் ‘தொம்’ என்றால் அங்கேதான் அடுத்த ஒடிசல். ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் ஒருமுறை கோட்டம் எடுத்து இறுக்க வேண்டும். புதுக்கம்பி உட்காரும்போது கொஞ்சம் தளரும். இதற்குப் பெரும்பாலானவர்கள் வருவதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று உங்கள் தொழிலுக்கே உரியது. ஐஸ் கரைந்து பெட்டியின் மூலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எங்கே விழுகிறது என்று நிறுத்திப் பாருங்கள். நான் பார்த்த மீன் சைக்கிள்களில் பெரும்பாலும் பிரீவீல் (செயின் ஓடுகிற பின் பல்சக்கரம்) மேலும் பின் குடத்தின் மேலும் விழும். மீனின் உப்பும் நிணமும் கலந்த தண்ணீர். பெட்டியின் அடி மூலையில் ஒரு துளை போட்டு, பழைய டியூப் துண்டைச் சொருகி, சக்கரத்துக்கு வெளியே இடதுபக்கம் தொங்கவிடுங்கள். ஐந்து ரூபாய் வேலை. கம்பியின் திருகு மூடியான நிப்பிளைப் பித்தளையில் கேட்டு வாங்குங்கள். இரும்பு நிப்பிள் ஒரு வருடத்தில் கம்பியோடு பிடித்துக்கொள்ளும், அப்புறம் கோட்டம் எடுக்கவே முடியாது.

தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரத்தில் கல்லூரிக்குச் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறேன். ஒரு வழிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர் உள்ள சைக்கிள் பார்த்தேன். வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், தேவிபட்டினம்

வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன் தம்பி. 15 கிலோமீட்டர் தினமும் போய்வருகிற உங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். அதனால்தான் காசு சரியான இடத்தில் போக வேண்டும் என்கிறேன்.

நம் மாவட்டத்தில் மேடு என்று சொன்னால் பாம்பன் ரோட்டுப் பாலம்தான், அதுவும் உங்கள் வழியில் இல்லை. உங்களுக்கு மேடு, காற்று. காலையில் தென்மேற்காகப் போகிறீர்கள், கச்சான் நேராக நெஞ்சில் அடிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு ஆகும். அதற்குக் கியர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த 21 கியர் சைக்கிளில் மெல்லிய செயின், பின்னால் ஏழு பல்சக்கரம், ஸ்பிரிங் வைத்த இரண்டு கை, நாலு கேபிள். மணலும் உப்பும் போய் உட்கார அத்தனை இடம். நம் கரையில் ஒரு வருடத்தில் அதில் மூன்று கியர்தான் விழும்.

ஒற்றைப் பல்லிலேயே ஒரு வழி இருக்கிறது. பழைய பாணிச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 20 பல் பிரீவீல் போட்டால் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். அரை மீட்டர் குறைகிறது, அதற்கேற்பக் கால் லேசாகும். எதிர்காற்றில் அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். பின் அச்சைக் கால் இன்ச் முன்னால் தள்ளினால் பழைய செயினே சரியாக இருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்காக என் கடைக்கு வந்து, மறுநாள் திரும்ப வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

ஷாக் அப்சார்பர் தார் ரோட்டில் உங்கள் மிதியைத் தானே பாதி குடித்துவிடும். மலிவானதில் உள்ளே வெறும் ஸ்பிரிங். அதன் வெள்ளிக் குழாயில் துரு ஏறியபின் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செயினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டு தட்டில் தெறித்தால் போச்சு, கட்டையைத்தான் மாற்ற வேண்டும். அலுமினிய ரிம், நல்ல ரப்பர் கட்டை, துருப்பிடிக்காத எஃகில் உள்கேபிள், இந்த மூன்றும் இருந்தால் போதும். வெள்ளி நிற முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் வழுக்கும், பிரேக் பிடித்தபின் சைக்கிள் நிற்பதற்குள் இதயம் வாய்க்கு வந்துவிடும். மிச்சக் காசில் நல்ல சீட்டு வாங்குங்கள். உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் முழுசாக நீள வேண்டும், அதுதான் உங்கள் சீட்டு உயரம்.

வாரத்துக்கு இரண்டு பஞ்சர். எங்கள் பாதை முழுக்க உடைமரம். முள் குத்தாத டயர் இருக்கிறதா?
— வாசகர், பெரியபட்டினம்

குத்தாத டயர் இருக்கிறது, உள்ளே காற்றே இல்லாத கெட்டி ரப்பர். அதை ஓட்டிப் பார்த்தவர் இரண்டாம் நாள் கழற்றிவிடுவார், முதுகு தாங்காது.

வாரத்துக்கு இரண்டு என்றால் பாதி பஞ்சர் ஒரே முள்ளால் வருகிறது என்பது என் கணக்கு. உடைமுள் வெள்ளையாக, ஊசி மாதிரி நீளம். குத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை நாம் பிடுங்கிப் போடுவோம். நுனி ஒடிந்து டயருக்குள் தங்கிவிடும். கருவேல முள்ளும் அப்படித்தான். நெருஞ்சி மட்டும் மொட்டையாக இருப்பதால் கண்ணில் படும். பஞ்சர் ஒட்டுபவர் டியூபை ஒட்டி உள்ளே திணித்துக் காற்றடித்து அனுப்புகிறார், நாலு நாளில் அதே நுனி அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி குத்துகிறது.

ஆகவே டியூபை எடுத்தபின் டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். விரலை விட்டு ஓட்டாதீர்கள், விரலில் ஏறும். கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்சுவரை ஒட்டி ஒரு முழுச்சுற்று இழுங்கள். எங்கே பஞ்சின் நூல் சிக்கி நிற்கிறதோ அங்கே முள். டயரை வெளிப்பக்கமாகப் பிதுக்கினால் கறுப்பு ரப்பரில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், மயிரிழைதான் இருக்கும். ட்வீசர் இல்லாவிட்டால் நகவெட்டியால் பிடித்து இழுங்கள். அது வந்துவிட்ட நிம்மதி இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

ஒட்டும்போது அவசரம் வேண்டாம். சொலூஷன் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். ஈரமாக வைத்தது வெயிலில் கழன்றுவிடும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாகப் போடலாம். சைக்கிள் கொஞ்சம் கனக்கும், ஆனால் சின்ன முள் டியூபைத் தொடாது. டயரைக் காற்றுக் குறைவாக வைத்து ஓட்டாதீர்கள், அகன்று படுக்கிற டயர் அதிக முள்ளைப் பொறுக்கும். அப்புறம், முள்ளே கிடைக்காமல் காற்று மட்டும் இறங்கினால் வால்வு டியூபைப் பாருங்கள். அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் இற்றுப்போகும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி விட்டால் அதுதான்.

வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். வாப்பா மவுத்தாகி ஒன்பது வருடம். அவர் ஓட்டிய கறுப்புச் சைக்கிள் திண்ணையில் அப்படியே நிற்கிறது. ஓட்ட ஆசை. இடது பெடலைக் கழற்றப் போய் ஸ்பேனரே வழுக்கிவிட்டது, சீட்டுக் கம்பி அசையவில்லை. புதுசாகப் பெயிண்ட் அடித்துவிட்டுச் செய்யலாமா?
— வாசகர், கீழக்கரை

தம்பி, பெயிண்டை விடுங்கள், ஸ்பேனரையும் கீழே வையுங்கள். நீங்கள் பெடலை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். வலது பெடலுக்குச் சாதாரண மரை (திருகு), இடது பெடலுக்கு எதிர் மரை. ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கட்டும், அதைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டுமே இறுகும். நடு அச்சைப் பிரிக்கும்போது செயின் பக்கத்துக் கப்புக்கும் எதிர் மரைதான், அதையும் கடைக்காரரிடம் நினைவூட்டுங்கள், இளம் பையன்கள் மறந்துவிடுகிறார்கள்.

சீட்டுக் கம்பி. போல்ட்டைக் கழற்றிவிட்டு, கம்பி குழாய்க்குள் இறங்குகிற வளையத்தில் டீசல் விடுங்கள். அன்றைக்கே முயலாதீர்கள். காலையும் மாலையும் விட்டு ஒரு வாரம் பொறுங்கள், இடையில் மரச்சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள், துருவில் விரிசல் விட்டு டீசல் இறங்கும். பிறகு சீட்டையே கைப்பிடியாகப் பிடித்து இடம் வலமாகத் திருகுங்கள். முதலில் ஒரு நூல் அசையும். அசைந்துவிட்டால் வந்துவிடும். பெரிய பைப் ரெஞ்சு போட்டுத் திருகி ஃபிரேமின் இணைப்பையே கிழித்த சைக்கிள் ஒன்று என் கடைக்கு வந்தது, அதற்கு வைத்தியம் இல்லை.

பெயிண்டுக்கு முன்னால் ஃபிரேமைப் பாருங்கள். சீட்டுக் கம்பி வந்ததும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் துருத்தூள் கொட்டும். ஒரு கைப்பிடி கொட்டினால் பரவாயில்லை. தகடு தகடாக உரிந்து விழுந்தால், நடு அச்சைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் உயிர் இருக்கிறது, மண் பானை மாதிரி மழுங்கிக் கேட்டால் அந்த ஃபிரேமை ஓட்டாதீர்கள், திண்ணையிலேயே மரியாதையாக நிற்கட்டும். ஃபிரேம் நன்றாக இருந்தால் டயர், டியூப், பால்ரஸ், பிரேக் கட்டை, செயின், பிரீவீல் எல்லாம் புதுசு போடுங்கள். இந்தச் சைக்கிளின் அளவுகள் பழைய இங்கிலீஷ் சைக்கிளை ஒட்டி வந்தவை, இன்றைக்கும் உதிரி கிடைக்கிறது. டயர் 28 க்கு ஒன்றரை என்று கேளுங்கள். வாப்பா கை பட்டுத் தேய்ந்த பெயிண்ட் இருந்தால் அதை அடிக்கவே வேண்டாம் என்பது என் ஆசை. துருவை மட்டும் துடைத்து எண்ணெய்த் துணி போட்டு வையுங்கள்.

புதுச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம். இப்போது வரும் சீட்டுக் கம்பிகள் பல அலுமினியம். இரும்புக் குழாய்க்குள் அலுமினியம், நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் பொங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு டீசலும் உதவாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பியை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிச் சொருகுங்கள்.

உப்பளத்தில் வேலை. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். மோட்டார் சைக்கிள் கடையில் வடித்த பழைய எண்ணெய் சும்மா கிடைக்கிறது. எது நல்லது?
— வாசகர், வாலிநோக்கம்

இரண்டும் வேண்டாம் அண்ணே. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகி மண்ணைப் பிடிக்கும். வடித்த எண்ணெயில் எஞ்சின் தேய்ந்த இரும்புப் பொடியும் கரியும் அமிலமும் இருக்கும், சும்மா கிடைத்தாலும் செயினைத் தின்னும். புது எஞ்சின் ஆயில், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ-40 ஒரு சின்ன டப்பா வாங்கினால் ஒரு சைக்கிளுக்கு வருடக்கணக்கில் வரும். செயினுக்கு வெளியே கிரீஸ் அப்பாதீர்கள். கிரீஸோடு மணல் சேர்ந்தால் சாணை பிடிக்கிற மாவு ஆகிவிடும். கிரீஸ் இருக்க வேண்டிய இடம் பால்ரஸ் குண்டு ஓடுகிற இடம். உங்கள் வேலை உப்பிலேயே என்பதால் வாரம் ஒருமுறை ஈரத்துணி போதாது. பாத்தியிலிருந்து ஏறிய அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

புதுச் செயின் போட்டேன். மிதிக்கும்போது ‘கட்டக்’ என்று நழுவுகிறது. செயின் போலியா?
— வாசகர், திருப்புல்லாணி

செயின் நல்லதுதான். பிரீவீல் பல் தேய்ந்திருக்கிறது. பழைய செயின் இழுபட்டு நீள, அதற்கேற்பப் பல்லும் கொக்கி மாதிரி தேய்ந்தது. புதுச் செயினின் அளவு சரியாக இருப்பதால் அந்தப் பல்லில் உட்காரவில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

இது எனக்குக் காசு கொடுத்துக் கற்ற பாடம் அல்ல, இன்னொருவர் ரத்தம் கொடுத்துக் கற்றது. தொழிலுக்கு வந்த நாலாம் வருடம். மீன்கூடைக்காரர் ஒருவர் செயின் மட்டும் மாற்றச் சொன்னார். பிரீவீலை விரலால் சுற்றிப் பார்த்தேன், சத்தமில்லாமல் ஓடியது, விட்டுவிட்டேன். வழியில் எழுந்து நின்று மிதித்திருக்கிறார். செயின் நழுவி, கால் காற்றில் போய், ஹேண்டில்பார் மேல் முகம் அடித்து இரண்டு பல் போயிற்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வீங்கிய வாயோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கடையில் ஒரு இரும்பு ஸ்கேல் தொங்குகிறது.

அளப்பது எளிது. செயினின் ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூச்சியத்தை வையுங்கள். புதுச் செயினில், அந்த ஆணியை விட்டு எண்ணினால், இருபத்துநாலாவது ஆணியின் நடு சரியாக 12 இன்ச்சில் விழும், ஏனென்றால் ஆணிக்கு ஆணி அரை இன்ச். ஆணி வீசம் (1/16) இன்ச் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள், பிரீவீல் தப்பும். அரைக்கால் (1/8) இன்ச் தாண்டியிருந்தால் பிரீவீலும் போயிருக்கும். ஒற்றைப் பல் சைக்கிளுக்குச் செயின் அரைக்கால் இன்ச் அகலம், கியர் சைக்கிளுக்கு அதைவிடக் குறுகல். கேட்டு வாங்குங்கள்.

அதிகாலை மூன்று மணிக்குப் படகுக்குப் போகிறேன். டைனமோவா, பேட்டரி லைட்டா?
— மீனவர், ராமேஸ்வரம்

பேட்டரி. டைனமோ நின்றால் அணைந்துவிடும், மணல் ஒட்டிய டயரில் வழுக்கும். முன்விளக்கைவிடப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் முக்கியம், பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் தெரிய வேண்டும். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பழைய சைக்கிளில் எல்லாம் அது இருந்தது.

கடல்பாசி எடுக்கப் போகிறேன். வயது நாற்பத்தாறு. கரைக்கு நடந்தே போய் நடந்தே வருகிறேன். இந்த வயதில் சைக்கிள் பழகலாமா? பழகினால் எது வாங்க?
— வாசகி, மண்டபம் பக்கம்

அவசியம் பழகுங்கள் தங்கச்சி. 1991-க்குப் பிறகு பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், எல்லா வயதிலும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள்.

பார் இல்லாத, தாழ்வான ஃபிரேம் பாருங்கள். செகண்ட்ஹேண்டே போதும், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ஆடாமல் ஓட வேண்டும், பிரேக் இரண்டும் பிடிக்க வேண்டும். பழகும்வரை சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படுகிற மாதிரி வையுங்கள். பிறகு இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். காலால் தரையை உந்தி உந்தி நகருங்கள். பின்னால் யாரும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை, விழுவதாக இருந்தால் கால் ஊன்றிக்கொள்ளும். இரண்டு காலையும் தூக்கிப் பத்து அடி போக முடிந்த அன்றைக்குப் பேலன்ஸ் வந்துவிட்டது, அன்றைக்குப் பெடலை மாட்டலாம். என் கடை வாசலில் இப்படிப் பழகியவர்களில் ஒருவர் உங்களைவிடப் பத்து வயது மூத்தவர்.

பாசி எடுத்துவிட்டு ஏறும்போது துணி கடல்நீரில் ஊறியிருக்கும். அது சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்கிலும் செயினிலும் சொட்டும். சேலை நுனியைப் பிழிந்து, சீட்டில் ஒரு ரப்பர் ஷீட் போட்டு உட்காருங்கள். பின்சக்கரத்துக்கு வலை கட்டாயம் போடச் சொல்லுங்கள், துணி சுற்றாது. பெடலைத் திரும்ப மாட்டும்போது மரைக்கு ஒரு விரல் கிரீஸ் தடவி, முதலில் கையாலேயே திருகுங்கள், கீழக்கரைத் தம்பிக்குச் சொன்ன அதே கணக்கில் முன்சக்கரத்தை நோக்கி. கையால் மூன்று சுற்று லேசாகப் போகாவிட்டால் இடதும் வலதும் மாறியிருக்கிறது, ஸ்பேனரை எடுக்காமல் மாற்றிப் பாருங்கள்.